உப்பு கசியும் நாளில் அரிசி டிரம்மைத் திறக்காதீர்கள்

கேள்வி: அக்கா, எங்கள் வீடு பாம்பனில். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மாமியார், இரண்டு பிள்ளைகளோடு மொத்தம் ஐந்து பேர். போன ஐப்பசியில் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் 75 கிலோ அரிசி, 10 கிலோ துவரம்பருப்பு, பச்சைப்பயறு, ரவை, கோதுமை மாவு, நிலக்கடலை, கருப்பட்டி எல்லாம் மொத்தமாக வாங்கிப் போட்டேன். கார்த்திகை முடிவதற்குள் அரிசியில் வண்டு, பயறெல்லாம் ஓட்டை, கடலையில் பச்சைப் பூசணம், கருப்பட்டி உருகி ஓடிவிட்டது. "எங்கள் காலத்தில் மண் குலுக்கையில் வருஷம் முழுக்க வைத்திருந்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்று மாமியார் சொல்லிக்காட்டுகிறார். கடையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், அரிசிக்குள் போட்டால் வண்டு சாகுமாம். இன்னும் போடவில்லை. போடலாமா? கடலையைக் கழுவி வறுத்துச் சாப்பிடலாமா? வரும் மீன்பிடித் தடைக்காலத்துக்கு என்னென்ன, எவ்வளவு வாங்கி வைப்பது?

பதில்:

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த மாத்திரை.

தானியத்துக்கு என்று கடைகளில் தரும் மாத்திரை பெரும்பாலும் அலுமினியம் பாஸ்பைடுதான். காற்றில் இருக்கும் ஈரம் பட்டதுமே அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். வண்டைக் கொல்லும் அதே வாயு மனிதரையும் கொல்லும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. பெரிய கிடங்குகளில், ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடி, அனுமதி பெற்றவர்கள் மட்டும் செய்கிற வேலை அது. பிள்ளைகள் படுத்துத் தூங்கும் வீட்டுக்குள் அதற்கு இடமே இல்லை. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் வாயு இன்னும் வேகமாக வெளியேறும். நீங்கள் போடாமல் இருந்தது பெரிய நிம்மதி. அதைப் பிரிக்காதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள், குப்பையிலும் எறியாதீர்கள். வீட்டுக்கு வெளியே, மழை படாத, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, வேளாண்மைத் துறை அலுவலகத்தில் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது ஏற்கெனவே போட்டிருந்தால், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். வாந்தி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். போரிக் பவுடரை அரிசியில் கலந்து வைப்பதும் வேண்டாம்.

அடுத்தது கடலை. அதைச் சாப்பிட வேண்டாம். நிலக்கடலையில் பிடிக்கும் பச்சை, மஞ்சள் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக் கூடியது. கழுவினால் பூசணம் போகும், நஞ்சு போகாது. வறுத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் முழுதாக அழியாது. ஈரலைக் கெடுக்கும், காலப்போக்கில் ஈரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். கோழிக்குப் போட்டுவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள், கோழியையும் அது பாதிக்கும். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்டுவது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் கொட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, இனி உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் குலுக்கையில் வைத்தது நெல், நீங்கள் டிரம்மில் வைத்தது அரிசி. நெல்லுக்கு உமி என்று ஒரு சட்டை இருக்கிறது. அரிசி வண்டு அதை எளிதில் துளைக்க முடியாது, உள்ளே இருக்கும் தவிட்டு எண்ணெயும் காற்றுப் படாமல் காறாமல் இருக்கும். இன்னொன்று, அவர்கள் வாங்கிய மாதம். தை அறுப்பு முடிந்து, மாசி பங்குனி வெயிலில் நெல்லைக் கடித்துப் பார்த்தால் 'கடுக்' என்று சத்தம் வரும் வரை காயவைத்துத்தான் குலுக்கைக்குள் கொட்டினார்கள். நீங்கள் வாங்கியது ஐப்பசியில். நம் மாவட்டத்துக்கு வருகிற மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. வாடைக்காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் நேரத்தில், ஏற்கெனவே நமுத்துப்போன சரக்கை வாங்கி, வெயில் காட்ட வழியில்லாமல் அடைத்து வைத்தீர்கள். அதில் உங்கள் கைப்பக்குவத்தின் குற்றம் ஒன்றுமில்லை, மாதம்தான் தப்பாகிவிட்டது.

"வாங்கும்போது சுத்தமாகத்தானே இருந்தது, வண்டு எங்கிருந்து வந்தது?" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அரிசி வண்டு அரிசியில் ஒரு சின்னக் குழி தோண்டி, முட்டையிட்டு, குழியை மூடிவிடும். கண்ணுக்குத் தெரியாது. பயறு வண்டோ வயலிலேயே நெற்றின் மேல் முட்டையிட்டுவிடும், அது பயறோடு சேர்ந்து வீட்டுக்கு வருகிறது. நம் ஊர்ச் சூட்டில் முட்டை வண்டாக மாற ஏறக்குறைய ஒரு மாதம். ஐப்பசியில் வாங்கி கார்த்திகை கடைசியில் வண்டைப் பார்த்தீர்களே, கணக்குச் சரியாக இருக்கிறதா? பயறில் நீங்கள் கண்ட வட்ட ஓட்டை, ஒரு தலைமுறை வண்டு வளர்ந்து வெளியேறிய வாசல்.

இதனால்தான் எங்கள் பயிற்சிகளில் சாமான் பட்டியலைக் கடைசியில் வைத்துக்கொண்டு, ஈரத்தைப் பற்றி முதலில் பேசுவேன். நம் கரையில் பெரும்பாலான பொருள்கள் நாள்பட்டதால் கெடுவதில்லை, ஈரம் ஏறித்தான் கெடுகின்றன. அந்த ஈரத்தை அளக்க உங்கள் அடுப்படியிலேயே ஒரு கருவி இருக்கிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டியதில்லை, அவர்களுக்கு உப்பைப் பார்த்தாலே காற்றின் குணம் தெரியும். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் தண்ணீர் இழுத்துக் கசியத் தொடங்கும். பூசணம் வளர்வதற்கும் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள். அதனால் ஒரு சின்னக் கிண்ணத்தில் தூள் உப்பைப் போட்டு, சாமான் வைத்திருக்கும் இடத்தில் திறந்தபடியே வையுங்கள். உப்பு பொலபொலவென்று இருக்கிற நேரத்தில் பெரிய டிரம்மைத் திறந்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சமையலறை டப்பாவில் அள்ளிக்கொண்டு மூடிவிடுங்கள். உப்பு கசிந்து நிற்கிற நாளில் பெரிய டிரம்மின் மூடியில் கை வைக்காதீர்கள். கல் உப்பு இதற்கு ஆகாது. அதில் மெக்னீசியம் கலந்திருப்பதால் நல்ல நாளிலும் கசிந்துகொண்டே இருக்கும்.

தானியத்துக்குள் இருக்கும் ஈரத்தையும் உப்பே சொல்லும். முக்கால் லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்து நன்றாகக் காயவையுங்கள். வெறும் சட்டியில் சூடுபடுத்தி ஆறவைத்த தூள் உப்பு இரண்டு மேசைக்கரண்டி, கால் கிலோ அரிசியோ பயறோ நெல்லோ, இரண்டையும் பாட்டிலில் போட்டு மூடி, ஒரு நிமிஷம் நன்றாகக் குலுக்குங்கள். கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். பாட்டிலின் உள்பக்கத்தில் உப்பு ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தானியத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் கீழே விழுந்துவிட்டால் அடைத்து வைக்கலாம். உலக உணவு வேளாண் அமைப்பு சிறு விவசாயிகளுக்குச் சொல்லித் தரும் முறை இது. கடைக்காரர் "நல்லாக் காஞ்ச சரக்கு" என்று சொன்னாலும், ஒரு கிலோ வாங்கிவந்து இப்படிப் பார்த்துவிட்டுப் பிறகு மூட்டையாக எடுங்கள்.

காயவைப்பதில் ஒரு வேறுபாடு உண்டு. பயறு, உளுந்து, மிளகாய், மல்லி, புளி இவையெல்லாம் நல்ல வெயில் கேட்கும். அரிசியை மட்டும் உச்சி வெயிலில் போடாதீர்கள். கீறல் விட்டு உடைந்து குருணையாகும், சோறு குழையும். அரிசியை நிழலில், காற்றோட்டமான இடத்தில் மெல்லிசாகப் பரப்புங்கள். வண்டு இருந்தால் வெளிச்சம் பிடிக்காமல் தானே ஊர்ந்து வெளியே போகும், பிறகு சுளகில் புடைத்துக்கொள்ளலாம். பயறுக்கு, கறுப்புத் தார்ப்பாயில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை மூடி, ஓரத்தில் கல் வைத்துவிடுங்கள். உள்ளே சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும், முட்டையும் புழுவும் தாங்காது. இரண்டு பகல் போதும். நீராவி தாளில் முத்துமுத்தாகக் கோத்தால் தாளை எடுத்து உதறிவிட்டு மறுபடி மூடுங்கள். மாலை நான்கு மணிக்குள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், அதற்கு மேல் பனி ஈரம் இறங்கும்.

அடுத்து சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். வேலையில் சேர்ந்த புதிதில் எட்டுக் கிலோ உளுந்தை இப்படி அருமையாகக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் டப்பாவில் அடைத்து மூடினேன். உள்ளிருந்த சூட்டு ஆவி மூடியில் போய் ஒட்டி, தண்ணீராகச் சொட்டி, மூன்றே வாரத்தில் மேல் அடுக்கு முழுக்கப் பூசணம். கையில் எடுத்தால் துளிக்கூடச் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே அடைக்க வேண்டும். ஆறுகிற நேரத்தில் மெல்லிய துணி போட்டு மூடி வையுங்கள்.

பாத்திரம் விஷயத்தில், தகர டின் நம் கரையில் இரண்டு வருஷத்தில் துருப்பிடித்துவிடும். எவர்சில்வர் நல்லது, விலை அதிகம். உணவுக்கென்றே செய்த, இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் டிரம் போதும். படகுக்கு எண்ணெயோ ரசாயனமோ வந்த நீல டிரம்மை எவ்வளவு கழுவினாலும் அரிசிக்கு எடுக்காதீர்கள். ஒரே பெரிய டிரம் வேண்டாம். ஐந்து கிலோ, பத்துக் கிலோ கொள்ளும் பல டப்பாக்களாக வைத்தால், ஒன்றைத் திறக்கும்போது மற்றதெல்லாம் மூடியபடியே இருக்கும். கழுத்து வரை நிரப்புங்கள். உள்ளே காற்று குறைவாக இருந்து, மூடியும் இறுக்கமாக இருந்தால், மிச்சமிருக்கும் வண்டு மூச்சுக்கு வழியில்லாமல் செத்துவிடும். தரையில் நேராக வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் சிமெண்டுத் தரை வேர்க்கும். ரேஷன் அரிசி வந்த சாக்கை அப்படியே பழைய அரிசிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சாக்கின் தையலில்தான் வண்டு ஒளிந்திருக்கும். பழையது தீர்ந்து, டப்பாவைத் துடைத்து, வெயில் காட்டிய பிறகே புதியதைக் கொட்டுங்கள்.

வேப்பிலை, வசம்பு, மிளகாய் வற்றல் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வெளியிலிருந்து வருகிற வண்டை ஓரளவு விரட்டும். உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. பச்சை வேப்பிலையைப் பறித்து அப்படியே போட்டால் அதன் ஈரமே கேடு, நிழலில் சருகாகக் காய்ந்த இலையை மட்டும் போடுங்கள். முழுப் பயறுக்கு இதைவிட நல்ல முறை, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி ஆமணக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விட்டுப் பிசறி வைப்பது. எண்ணெய்ப் பசையில் வண்டின் முட்டை பிழைக்காது. சமைக்கும் முன் கழுவினால் போதும். இன்னொன்று, உடைத்த பருப்பை விட முழுப் பயறைத்தான் பயறு வண்டு நாடும். அதனால் பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை மாதம் ஒரு முறை வாங்குவதாக இருக்கட்டும், சேமிப்புக்குத் துவரம்பருப்பும் பாசிப்பருப்பும் உளுத்தம்பருப்பும். முழுப் பயறை ஈரச் சூட்டில் ஆறு மாதம் வைத்தால், வண்டு பிடிக்காவிட்டாலும் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் அடம் பிடிக்கும்.

இப்போது கணக்கு. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். சித்திரை பிறந்த கையோடு தொடங்குகிறது. ஐந்து பேருக்கு, இட்லி தோசையும் சேர்த்து, நாளைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி என்றால் 61 நாளுக்கு 76 கிலோ. ரேஷனில் மாதம் 20 கிலோ வருகிறது என்று வைத்துக்கொண்டால், நீங்கள் வாங்க வேண்டியது 40 கிலோவுக்குள்தான். புழுங்கலரிசியாக வாங்குங்கள், பச்சரிசியை விட அது கடினமானது, வண்டுக்குக் கொஞ்சம் தாங்கும். திருவாடானைப் பக்கமோ ஆர்.எஸ். மங்கலம் பக்கமோ சொந்தக்காரர்கள் இருந்தால், நெல்லாக இரண்டு மூட்டை வாங்கி வைத்து அவ்வப்போது அரைத்துக்கொள்வது எல்லாவற்றையும் விட நல்லது, மாமியாருக்கும் மனசு குளிரும். சித்திரைக்கார் சிவப்பரிசி எனக்கு மிகவும் பிடித்தது, பிள்ளைகளுக்கும் நல்லது. ஆனால் தவிடு நீக்காத அரிசி இரண்டு மூன்று மாதத்தில் காறல் வாடை அடிக்கும், ஐந்து ஐந்து கிலோவாகத்தான் வாங்க வேண்டும்.

பருப்பில் நான் கை தாராளமாகவே சொல்வேன். படகு போகாத இரண்டு மாதம் வீட்டில் மீன் குறையும், பிள்ளைகளுக்குப் புரதம் அங்கேதான் குறைகிறது. நாளைக்கு கால் கிலோ பருப்பு என்று எல்லா வகையும் சேர்த்து 15 கிலோ வையுங்கள். எண்ணெய் ஆறு லிட்டர். நல்லெண்ணெயில் இயற்கையாகவே காறலைத் தடுக்கும் சத்து இருக்கிறது, அதனால் சேமிப்புக்கு அதற்கு முதலிடம், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயை நல்ல எண்ணெயோடு ஊற்றாதீர்கள். ரவையும் கோதுமை மாவும் மொத்தமாக வாங்கும் பொருளே அல்ல, ஒரு மாதத்துக்கு மட்டும். ரவையை வறுத்து ஆறவைத்து வைத்தால் இரண்டு மாதம் போகும்.

புளியும் மிளகாயும் மாசி முதல் சித்திரை வரைதான் புதிதாக வரும், அப்போதே வருஷத்துக்கும் வாங்கிவிடலாம். புளியைக் கொட்டை நீக்கி, வெயிலில் வைத்து, உப்புத் தூவி பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அடையுங்கள், உலோகத்தில் வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் குண்டு மிளகாயைக் காம்போடு வையுங்கள். காம்பைக் கிள்ளினால் அந்த வழியாகத்தான் ஈரமும் பூசணமும் உள்ளே போகும். உடைத்துப் பார்த்து உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் அந்தக் காயை எறிந்துவிடுங்கள். மிளகாய்த்தூளாக அரைப்பது இரண்டு மாதத்துக்கு மட்டும்.

கருவாடு பற்றி உங்கள் வீட்டில் எனக்கே சொல்லித் தருவார்கள். இரண்டு விஷயம் மட்டும். நெத்திலி, வாளை போல் கொழுப்பு குறைந்த மீன் நாள்பட நிற்கும், சாளையின் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும், அதை முதலில் தீர்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு படர்ந்தால், அது உப்பிலும் வாழ்கிற கிருமி, துடைத்துவிட்டுச் சமைக்காதீர்கள். மாமியாருக்கு இரத்த அழுத்தம் இருந்தால் கருவாட்டை ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றிக் கொடுங்கள்.

தடைக்காலச் சேமிப்பைப் பங்குனியில் முடித்துவிடுங்கள். மழைக்காலச் சேமிப்பு வேறு, அதை ஐப்பசிக்குத் தள்ளாமல், மேற்கே இருந்து கச்சான் அடிக்கிற ஆவணியில், வெயில் மிச்சம் இருக்கும்போதே வாங்கிக் காயவைத்து அடையுங்கள். தடைக்காலச் சேமிப்பில் பாதி அளவு போதும். நம் பாம்பன் தீவில் 1988-இல் சாலைப் பாலம் திறக்கும் வரை எல்லாச் சாமானும் ரயிலிலோ படகிலோதான் வர வேண்டியிருந்தது, அதனால் பெரியவர்களுக்கு நிறைய வாங்கி அடுக்குகிற பழக்கம். இப்போது லாரி வருகிறது. புயல் நாட்களைத் தாண்டும் அளவு இருந்தால் போதும்.

புயலுக்கென்று ஒரு தனி டப்பா வையுங்கள். 2020 டிசம்பரில் புரெவி பாம்பனை நெருங்கி வந்து, கரையோரத்திலேயே நகராமல் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் அடுப்பு மூட்ட முடியாது, முகாமுக்கும் போக வேண்டி வரலாம். இரண்டு கிலோ அவல், ஒரு கிலோ பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், வறுத்து அரைத்த சத்துமாவு, கொஞ்சம் சர்க்கரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து, மாமியாரின் மாத்திரைகள், தீப்பெட்டி, இவ்வளவையும் ஒரு கைப்பிடி உள்ள டப்பாவில் போட்டு வாசல் பக்கம் வையுங்கள். அவலும் மாவும் மாதா மாதம் சாப்பிட்டு மாற்றிவிட வேண்டும். குடிதண்ணீர் ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர் என்று மூன்று நாளுக்கு 45 லிட்டர். நம் ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு, குழாய் நின்றால் வேறு வழி இல்லை. அதனால் அரிசியை விடத் தண்ணீரை முதலில் பிடித்து வையுங்கள்.

கருப்பட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் பொருள். ஒவ்வொரு வட்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் வைத்து, அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஏற்றிவிடுங்கள், அங்கே எப்போதும் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். இப்போது உருகி நிற்பதைக் கொட்ட வேண்டாம். பூசணமோ புளித்த வாடையோ இல்லையென்றால் வடிகட்டி, கெட்டிப் பாகாகக் காய்ச்சி, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, காலைக் காப்பிக்கு ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.